முன்கை ரத்தக்குழாய்களை ரோபோ கையால் ஸ்கேன் செய்வது: பொருத்துவது முதல் தன்னார்வலர் வரை முழுமையான வழிகாட்டி

டயாலிசிஸ் தேவைப்படும் நோயாளிக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் வழி, அமைக்கும் முன், அறுவை மருத்துவர் முன்கையின் தமனியையும் சிரையையும் அல்ட்ராசவுண்டில் அளந்து பார்க்கச் சொல்வார். தமனியின் உள்விட்டம் 2 மி.மீ. இருக்க வேண்டும், மேற்கையில் கட்டுப் போட்ட நிலையில் சிரை 2.5 மி.மீ. இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுமார் 25 செ.மீ. தூரம், தோலின்மேல் வைக்கும் ஸ்கேன் முனையான புரோபை ஒரே சீராக நகர்த்த வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினாலும் முடிவு மாறிவிடும்.

ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்கேன் குறைவு. ஆழம் 3 முதல் 4 செ.மீ. தான், பாதை நேரானது, மூச்சு அசைவின் தொல்லை இல்லை, அடுத்த மாதம் அதே கையை அதே அழுத்தத்தில் மீண்டும் அளக்கலாம்.

ரோபோ ஸ்கேன் என்பது புதிய எண்ணம் அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கழுத்துத் தமனிக்கான ரோபோ பற்றிய ஆய்வு 1999 இலேயே வந்துவிட்டது. பிரான்சின் மெலடி கருவியைக் கொண்டு கனடாவின் சஸ்காச்செவன் மாகாணத்தில் தொலைதூர ஊர்களின் நோயாளிகளை நகரத்திலிருந்து ஸ்கேன் செய்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்தர் என்ற ரோபோ, விரல் மூட்டுகளைத் தானாகவே ஸ்கேன் செய்கிறது. இந்த வழிகாட்டியில் சொல்வது தானியங்கி வகை: பாதையை மனிதர் உறுதி செய்வார், ஓட்டுவது ரோபோ.

முதலில் ஒரு கணக்கு

ரோபோ ஸ்கேன் என்றதும் பலரும் படத்தை ஆராயும் மென்பொருளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அது பிற்பாடு வர வேண்டிய வேலை. இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

நேர்வரிசைப் புரோபின் முகம் ஏறத்தாழ 38 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம். பரப்பு 3 சதுர செ.மீ. இதில் 1 நியூட்டன் விசை, அதாவது 100 கிராம் எடைக்குச் சமமான விசை, தோலின் மேல் சுமார் 25 மி.மீ. பாதரச அழுத்தத்தைத் தருகிறது. முன்கையின் மேலோட்டமான சிரைக்குள் இருப்பதோ 10 மி.மீ. பாதரச அளவுதான். ஆக, 1 நியூட்டனுக்குள்ளேயே சிரை தட்டையாகிவிடும். 5 நியூட்டன் வைத்தால் 120 ஐத் தாண்டும், தமனியே நசுங்கும். மணிக்கட்டில் கை உருண்டையாக இருப்பதால் புரோபின் முகத்தில் 2 செ.மீ. மட்டும் தொடும். அங்கே அதே 1 நியூட்டன் 47 மி.மீ. பாதரசம்.

திசுவுக்குள் அழுத்தம் முழுவதும் அப்படியே இறங்குவதில்லை. ஆனாலும் எந்த அளவு விசையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாகிவிடுகிறது. வயிற்று ஸ்கேனில் 10 நியூட்டனுக்கு மேல் தாராளமாக அழுத்துவார்கள். அங்கிருந்து எடுத்த அமைப்பை முன்கையில் அப்படியே வைத்தால் சிரையே இல்லாத வரைபடம்தான் கிடைக்கும். இந்த வேலையில் விசையும் அளவீட்டின் ஒரு பகுதி. கீழே வரும் படிகளின் வரிசையை அதுதான் தீர்மானிக்கிறது.

தேவையான பொருள்கள்

ரோபோ கை: 6 அல்லது 7 அச்சு உள்ள கூட்டுப்பணி ரோபோ. ஃபிராங்கா கை 3 கிலோ சுமக்கும், 855 மி.மீ. எட்டும், யூஆர்5இ 5 கிலோ, 850 மி.மீ. இரண்டுமே போதும்.

விசை சென்சார்: ரோபோ கையோடு வரும் சென்சாரை நம்பி இறங்க வேண்டாம். யூஆர்5இயின் சொந்த சென்சாருக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் துல்லியமே சில நியூட்டன்கள். மூட்டுகளின் முறுக்குவிசையிலிருந்து கணக்கிடும் கைகளிலும் அரை நியூட்டன் நுணுக்கம் கிடைக்காது. கைக்கும் புரோபுக்கும் நடுவே தனியாக ஓர் ஆறு அச்சு சென்சார் வேண்டும். அதன் இரைச்சல் 0.1 நியூட்டனுக்குள் இருக்க வேண்டும். பணம் குறைவாக இருந்தால் கேமராவில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

அல்ட்ராசவுண்ட்: 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் நேர்வரிசைப் புரோப். படத்தைக் கணினிக்கு நேரடியாக அனுப்பும் ஆய்வு இணைப்பு இருந்தால் நல்லது. இல்லையென்றால் மானிட்டர் வெளியீட்டிலிருந்து படம் பிடிக்கும் அட்டை. வயர்லெஸ் புரோப்பைத் தவிர்க்கலாம். அதன் தாமதம் நொடிக்கு நொடி மாறும், சரிக்கட்ட முடியாது.

இந்தியாவில் வாங்குபவர்கள் முன்கூட்டியே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிசிபிஎன்டிடி சட்டம் 1994 இன்படி, கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய ஸ்கேன் கருவியைப் பதிவு பெறாத இடத்துக்கு விற்க முடியாது. பொறியியல் கல்லூரி ஆய்வகத்துக்கும் இதில் விலக்கு கிடையாது. பதிவு பெற்ற மருத்துவமனையின் ரேடியாலஜி துறையோடு சேர்ந்து, ரோபோவை அங்கே கொண்டுபோய் வேலை செய்வதுதான் நேர்வழி.

கணினி: ஃபிராங்காவை நொடிக்கு 1000 முறை கட்டுப்படுத்த லினக்ஸின் நிகழ்நேர கெர்னல் வேண்டும். அந்தக் கெர்னலோடு என்விடியா டிரைவர் ஒத்துப்போகாமல் நாள்கணக்கில் இழுக்கும். ரோபோவுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என இரண்டு கணினிகளை வைத்து நேரடிக் கேபிளில் இணைத்துவிடுங்கள்.

இவற்றோடு ஓர் ஆழ கேமரா, அவசர நிறுத்தப் பொத்தான் இரண்டு, ஜெல், முன்கையைத் தாங்கும் மெத்தை, ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டை.

படி 1: புரோபைப் பிடிக்கும் கவ்வி

இரண்டு பாதிகளாகப் பிரியும் கவ்வியை 3டி பிரிண்டரில் அடியுங்கள். சுவர்த் தடிமன் 4 முதல் 5 மி.மீ. உள்ளே 1 மி.மீ. ரப்பர் அல்லது நெகிழ் பிளாஸ்டிக் பட்டை. புரோபின் உறையை இறுக்கி நசுக்கக் கூடாது. விரல்பிடிக்கென்று இருக்கும் வளைவைப் பிடித்தாலே நழுவாது. கவ்வியின் விளிம்பு புரோபின் முகத்திலிருந்து 25 மி.மீ. ஆவது பின்னால் இருக்கட்டும். இல்லையென்றால் மணிக்கட்டு வளைவில் கவ்விதான் முதலில் தோலைத் தொடும், சென்சாரோ அதைப் புரோபின் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும்.

பொருத்தியபின் புரோபைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். உணரும்படியான ஆட்டம் இருந்தால் இனி வரும் எந்தக் கேலிப்ரேஷனும் (அளவைச் சரிப்படுத்தும் வேலையும்) நிற்காது.

கேபிள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். புரோப் கேபிள் தடிப்பானது. ரோபோ கை திரும்பும்போது ஒரு நியூட்டனுக்கு மேல் சுலபமாக இழுக்கும். சென்சாருக்குப் புரோப் பக்கமாகவே கேபிளைக் கவ்வியில் ஓரிடத்தில் கட்டி, அங்கிருந்து தளர்வான ஒரு வளையம் விட்டு, அதன்பின் ரோபோ கையோடு சேர்த்துக் கட்டுங்கள். கேபிளின் எடையை மேலிருந்து ஒரு சுருள்வில் தாங்கினால் இன்னும் நல்லது.

படி 2: எடையைக் கழிப்பது

சென்சார் காட்டும் விசையில் புரோப், கவ்வி, கேபிள் எல்லாவற்றின் எடையும் கலந்திருக்கும். மின்சாரம் கொடுத்து அரை மணி நேரம் சூடேற விடுங்கள். அதற்கு முன் எடுக்கும் பூஜ்யம் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். பிறகு எதையும் தொடாமல் 12 முதல் 15 வெவ்வேறு சாய்வுகளில் கையை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 2 நொடி சராசரி எடுங்கள். மொத்த எடை, எடைமையம், சென்சாரின் பூஜ்யப் பிழை மூன்றையும் குறைந்தபட்ச வர்க்க முறையில் கண்டுபிடிக்கலாம்.

சரிபார்க்கும்போது கேலிப்ரேஷனில் பயன்படுத்தாத 5 சாய்வுகளில் மிச்ச விசையைப் பாருங்கள். எல்லாவற்றிலும் 0.2 நியூட்டனுக்குள் இருந்தால் மேலே போகலாம். சில சாய்வுகளில் மட்டும் எகிறினால் குற்றவாளி கேபிள்தான். எடைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடாமல் கேபிளை வேறு விதமாகக் கட்டுங்கள்.

படி 3: படத்துக்கும் ரோபோவுக்கும் முடிச்சுப் போடுவது

படத்தின் ஒரு புள்ளி ரோபோவின் கணக்கில் எங்கே இருக்கிறது என்று கண்டறிய, ஆங்கில N எழுத்து வடிவில் நைலான் நூல் கட்டிய பெட்டியைத் தண்ணீரில் வைத்து ஸ்கேன் செய்வது வழக்கமான முறை. பிளஸ் என்ற திறந்த மென்பொருளில் இதற்கான கணக்கு தயாராகவே இருக்கிறது.

தண்ணீரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் கருவி ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. 30 டிகிரி தண்ணீரில் உண்மை வேகம் 1509. அதனால் எல்லாமே 2 சதவீதம் ஆழமாகத் தெரியும், 40 மி.மீ. ஆழத்தில் 0.8 மி.மீ. இதைக் கணக்கில் திருத்திவிடலாம். 2.5 மி.மீ. சிரையின் விட்டத்தில் இந்தப் பிழை 0.05 மி.மீ. தான், கண்டுகொள்ளத் தேவையில்லை. குழாய் கையில் எங்கே ஓடுகிறது என்ற வரைபடத்தில்தான் இது தெரியும்.

நேரத் தாமதத்தையும் இதே தொட்டியில் அளக்கலாம். தட்டையான அடிப்பகுதிக்கு மேலே புரோபை 10 மி.மீ. வீச்சில், இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் மேலும் கீழும் ஆட்டுங்கள். படத்தில் அடிக்கோட்டின் ஆழத்தையும் ரோபோவின் உயரத்தையும் வரைந்து, எவ்வளவு நகர்த்தினால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறது என்று பாருங்கள். படம் பிடிக்கும் அட்டை வழியே வந்தால் 100 மில்லிநொடி அளவுக்குத் தாமதம் இருப்பது சாதாரணம். படி 6 இல் இந்த எண் தேவைப்படும்.

ஆழ கேமராவின் கேலிப்ரேஷன் எல்லா ரோபோ வேலைகளிலும் செய்வதுதான். சதுரங்க அட்டையை 15 முதல் 20 நிலைகளில் எடுங்கள், கோணங்கள் தாராளமாக மாறட்டும்.

படி 4: சோதனைக் கை செய்வது

மனிதக் கைக்குப் போகும் முன் ஃபான்டம் எனப்படும் சோதனைக் கை அவசியம். ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் நிற்காது, 30 டிகிரியைத் தாண்டியதும் இளகும். கடற்பாசி, அதாவது அகர் அகர், நன்றாகத் தாங்கும். 1 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் அகர், ஒலியைச் சிதறடிக்க 10 கிராம் இசப்கோல் உமி. தண்ணீரை முதலில் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்திருக்கும் காற்று போகும். பிறகு அகரைத் தூவி, மீண்டும் கொதிநிலைக்குக் கொண்டுவந்து கரையுங்கள். 60 டிகிரிக்கு ஆறியதும் இசப்கோலைக் கலந்து, நுரையை வழித்துவிட்டு, மெதுவாக அச்சில் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதே ஊற்றினால் உமி அடியில் படிந்து, மேல்பாதி கறுப்பாகத் தெரியும்.

தமனிக்கு 4 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிகான் குழாய். சிரைக்குச் சிலிகான் உதவாது, அது நசுங்காது. பொம்மை செய்யும் நீள பலூனில் தண்ணீர் நிரப்பி, அதன் வாயைக் குழாயால் ஒரு பாட்டிலோடு இணைத்து, பாட்டிலை 15 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். 11 மி.மீ. பாதரச அழுத்தம் கிடைக்கும். பலூனுக்கு மேல் 3 முதல் 5 மி.மீ. அகர் மட்டும் இருக்கட்டும். அகர் உரசினால் கிழியும் என்பதால் மேலே சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மூடி, அடியிலும் மேலிலும் ஜெல் பூசுங்கள். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரும்.

படி 5: தமனிக்கான ஸ்கேன் ஓட்டம், விசைக் கட்டுப்பாட்டில்

புரோபின் அச்சில் மட்டும் விசையைக் கட்டுப்படுத்துங்கள், மற்ற திசைகளில் இடத்தை. விசைப் பிழைக்கு ஏற்ற வேகத்தில் புரோபை முன்னும் பின்னும் நகர்த்துவது எளிய முறை. ஒரு நியூட்டன் பிழைக்கு நொடிக்கு 5 மி.மீ. என்ற பெருக்கத்தில் தொடங்கலாம். முன்கைச் சதையின் விறைப்பு மீட்டருக்கு 500 நியூட்டன் என்றால், ஏறத்தாழ 0.4 நொடியில் பிழையின் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிடும். போதுமான வேகம்.

மணிக்கட்டில் கதை வேறு. அங்கே தோலுக்கு அடியில் எலும்பு. விறைப்பு மீட்டருக்கு 10,000 நியூட்டனுக்குப் போனால் அதே அமைப்பு இருபது மடங்கு வேகமாக எதிர்வினை செய்யும். சென்சாரின் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டியின் தாமதமும் கணினியின் தாமதமும் சேர்ந்து, புரோப் தோலின்மேல் படபடவென்று தட்டத் தொடங்கும். வடிகட்டியைக் கனமாக்கினால் அடங்கும் என்று தோன்றும். ஆனால் தாமதம் கூடுவதால் தட்டல் மோசமாகும். மணிக்கட்டிலிருந்து முதல் 5 செ.மீ.க்குப் பெருக்கத்தை ஒரு நியூட்டனுக்கு நொடிக்கு 0.5 மி.மீ. ஆகக் குறைப்பதே சரியான மருந்து.

தொடும் முன் அணுகும் வேகம் நொடிக்கு 5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. 50 மில்லிநொடி தாமதம் இருந்தாலே, எலும்பின்மேல் 2.5 நியூட்டன் அதிகமாக ஏறிவிடும். இலக்கு விசை: மணிக்கட்டில் 1 முதல் 1.5, முன்கை நடுவில் 2 முதல் 2.5 நியூட்டன். நகர்வு நொடிக்கு 5 மி.மீ. என்றால் 25 செ.மீ.க்கு 50 நொடி ஆகும். நொடிக்கு 30 படம் வந்தால் 0.17 மி.மீ.க்கு ஒரு படம். புரோபின் கற்றைத் தடிமன் இதைவிடப் பெரியது என்பதால் இன்னும் மெதுவாக ஓட்டுவதில் பயன் இல்லை.

பாதையைக் கேமராவின் மேற்பரப்பிலிருந்து எடுக்கும்போது, தோலுக்குச் செங்குத்தான திசையை 15 மி.மீ. சுற்றளவில் சராசரியாக்குங்கள். ஜெல் பூசும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஜெல்லின் பளபளப்பில் ஆழ கேமரா ஏமாறும். ஓடும்போது படத்தின் ஒரு ஓரம் மட்டும் இருண்டால் அந்தப் பக்கம் புரோப் தோலை விட்டிருக்கிறது. இருண்ட பக்கத்தை நோக்கி 2 டிகிரி சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டில் இரு ஓரமும் இருண்டால் அது உருண்டை வடிவத்தின் விளைவு. சாய்த்துப் பயனில்லை, ஜெல்தான் கூடுதலாக வேண்டும்.

ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் எடுப்பதாக இருந்தால் செங்குத்து நிலை உதவாது. கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். 60 டிகிரியில் நிற்கும்போது கோணத்தில் 5 டிகிரி பிழை வந்தால் வேகத்தில் 15 சதவீதம் தவறும். அதைத் தனி ஓட்டமாக வையுங்கள்.

படி 6: சிரைக்கான ஸ்கேன் ஓட்டம், தொடாமல்

இங்கே விசைக் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டும். 0.3 நியூட்டனைச் சென்சாரின் இரைச்சலுக்கும் கேபிள் இழுப்புக்கும் நடுவே நம்பிக்கையாகப் பிடிக்க முடியாது. பதிலாக, கெட்டியான ஜெல்லை 5 மி.மீ. உயரத்துக்கு நீளமாகப் போட்டு, புரோபின் முகம் தோலுக்கு 3 மி.மீ. மேலே ஜெல்லில் மிதக்கும்படி ஓட்டுங்கள். அந்த இடைவெளியைப் படமே காட்டும்: மேலே கறுப்பு ஜெல், அதன் கீழே பளிச்சென்று தோல் கோடு. கோட்டின் ஆழத்தை 3 மி.மீ.யில் வைத்திருப்பதுதான் கட்டுப்பாடு. படம் 100 மில்லிநொடி தாமதமாக வருவதால் திருத்தங்கள் மெதுவாக இருக்கட்டும். இடைவெளிப் பிழை 1 மி.மீ. என்றால் நொடிக்கு 2 மி.மீ. வேகம் போதும். சென்சார் இங்கே காவலாளி மட்டும்: 0.8 நியூட்டனைத் தாண்டினால் புரோப் மேலே எழ வேண்டும்.

தோல் கோடு சட்டென்று மறைந்தால் இரண்டு காரணங்கள்: ஜெல் தீர்ந்து காற்று புகுந்திருக்கும், அல்லது புரோப் தோலைத் தொட்டிருக்கும். காற்று என்றால் படம் முழுவதும் மங்கும். தொட்டிருந்தால் படம் தெளிவாகவே இருக்கும், விசை ஏறும். இரண்டையும் பிரித்தறியாமல் ‘கோடு இல்லை, கீழே போ’ என்று எழுதிய நிரல் ஆபத்தானது.

மேற்கைப் பட்டையை 50 முதல் 60 மி.மீ. பாதரசத்துக்கு ஏற்றி, ஒரு நிமிடம் விட்டு ஓட்டத்தைத் தொடங்குங்கள். ஓட்டம் முடிந்ததும் உடனே தளர்த்துங்கள். கட்டைவிரல் பக்கச் சிரைக்கும் சுண்டுவிரல் பக்கச் சிரைக்கும் தனித்தனி ஓட்டம். இடையில் கை ஓய்வெடுக்கட்டும். எல்லா ஓட்டமும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கே போகட்டும். போக ஒரு திசை, வர ஒரு திசை என்று எடுத்தால் நேரத் தாமதத்தால் வரும் இடப் பிழை எதிரெதிர்த் திசைகளில் விழுந்து, இரண்டு வரைபடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது.

முடிவை நம்பலாமா என்பதற்குக் குறுக்குவெட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கட்டுப் போட்ட சிரை ஏறக்குறைய வட்டமாக இருக்க வேண்டும். உயரத்தை அகலத்தால் வகுத்து, 0.85க்குக் கீழே வந்த படங்களைக் குறித்துவையுங்கள். அங்கே அழுத்தம் விழுந்திருக்கலாம். ஃபான்டத்தின் 4 மி.மீ. குழாயில் 20 ஓட்டங்கள் எடுத்து, எல்லாம் 0.3 மி.மீ.க்குள் நிற்கும்வரை மனிதக் கைக்குப் போக வேண்டாம்.

படி 7: மனிதக் கைக்கு முன்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தன்னார்வலர் இல்லை. உங்கள் சொந்த மாணவராக இருந்தாலும் இதுவே விதி.

கூட்டுப்பணி ரோபோக்களுக்கு 2016 இல் வந்த ஐஎஸ்ஓ 15066 ஆவணம் முன்கைக்கு 160 நியூட்டன் வரை அனுமதிக்கிறது. அது தொழிற்சாலைத் தொழிலாளிக்கான வலி வரம்பு. இங்கே மென்பொருள் வரம்பு 6 நியூட்டன், ரோபோவின் சொந்த மோதல் வரம்பு அதற்கு மேலே அடுத்த காவல், மூன்றாவதாக இழுத்தால் கழன்றுவிடும் காந்தக் கவ்வி.

பலர் தவறவிடும் ஒன்று: அவசரப் பொத்தானை அழுத்தினால் ரோபோ விலகாது, பிரேக் போட்டு அங்கேயே நிற்கும். கை அடியில் சிக்கியிருந்தால் சிக்கியபடிதான். எனவே விசை வரம்பு மீறும்போது புரோப் தன் அச்சில் 50 மி.மீ. பின்வாங்கும்படி எழுதுங்கள், பொத்தான் கடைசி வழி. கையை ஒருபோதும் மெத்தையோடு கட்ட வேண்டாம். ஒரு பக்கம் திறந்த தாங்கியில் வைத்தால் ஸ்கேன் செய்யப்படுபவர் எப்போது வேண்டுமானாலும் கையை இழுத்துக்கொள்ளலாம். அவர் மற்ற கையில் ஒரு பொத்தான், ரோபோவை இயக்குபவரிடம் ஒன்று. முதல் அசைவைக் காற்றில், தோலுக்கு 10 செ.மீ. மேலே, முழுப் பாதையும் ஓட்டிக் காட்டுங்கள். என்ன வரப்போகிறது என்று கண்ணால் பார்த்தவரின் கை இறுகாது; இறுகாத கையில்தான் சிரை நன்றாகத் தெரியும்.

பக்கவாட்டு விசை 2 நியூட்டனைத் தாண்டினால் ஜெல் காய்ந்துவிட்டது என்று பொருள். நிறுத்தி, ஜெல் போட்டு, விட்ட இடத்துக்கு 2 செ.மீ. முன்னாலிருந்து தொடருங்கள்.

ஒவ்வொரு நாளும்

காலையில் அரை மணி நேரச் சூடேற்றம், ஐந்து சாய்வுகளில் மிச்ச விசை, பிறகு கவ்வியில் 200 கிராம் எடையைத் தொங்கவிட்டு 1.96 நியூட்டன் காட்டுகிறதா என்று பார்ப்பது. அதன்பின் ஃபான்டத்தில் ஓர் ஓட்டம். இதில் எது தவறினாலும் அன்று மனித ஸ்கேன் இல்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மூலப் படங்கள், ரோபோவின் நிலை, ஆறு அச்சு விசை, பட்டையின் அழுத்தம், அறை வெப்பம் எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தின் நேரக்குறியோடு சேமியுங்கள். அறை குளிர்ந்தால் சிரை சுருங்கும். நேற்று 2.6, இன்று 2.2 என்று வந்தால் ரோபோவைச் சந்தேகிக்கும் முன் ஏசியைப் பாருங்கள்.

ஒருவர் முடிந்து அடுத்தவர் உட்காரும் முன் கவ்வியைப் பிரித்து, இடுக்கில் புகுந்த ஜெல்லை முழுவதும் துடைத்து, புரோப் தயாரிப்பாளர் அனுமதித்த கிருமிநாசினியால் சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிட் சில புரோப்களின் லென்ஸில் விரிசல் விழவைக்கும், கையேட்டைப் பார்க்காமல் தொட வேண்டாம். கவ்வியைத் திரும்ப மாட்டியபின் எடைச் சோதனையை மறுபடி ஒரு முறை செய்த பிறகே அடுத்த கை.